செர்ட்ராலின் 50 மி.கி.: பால் கொடுத்துக்கொண்டே சாப்பிட்டவளின் மதிப்புரை

மிக்ஸிக்கு எழுதுகிறார்கள், தொட்டிலுக்கு எழுதுகிறார்கள், டயப்பருக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்த பொருட்களில் உருப்படியாக வேலை செய்தது ஒரு மாத்திரைதான்: செர்ட்ராலின், மனச்சோர்வுக்குக் கொடுப்பது. அதனால் அதற்கு எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் போடவில்லை. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் செய்கின்றன. அட்டையில் மருந்தின் பெயர் சரியாக இருந்தால் போதும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுகிற சமாச்சாரமும் இல்லை இது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பிரசவம் குடியாத்தத்தில், அம்மா வீட்டில். குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரம் அழுகையும் எரிச்சலும் நிறையப் பேருக்கு வரும், தானாகவே போய்விடும் என்கிறார்கள். எனக்குப் போகவில்லை. குழந்தை தூங்கும், நான் தூங்க மாட்டேன். மூச்சு வருகிறதா என்று அதன் மூக்கருகே விரலை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். அம்மா வைத்த பூண்டுக் குழம்பு தட்டில் ஆறிக் கிடக்கும். திருஷ்டி என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். நெடி வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

ஒரு ராத்திரி 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ், மனநல உதவிக்காக 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச எண். ராத்திரியிலும் தமிழில் பேசலாம். எடுத்த பெண் அவசரப்படாமல் கேட்டார். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். வீட்டில் யாருக்கும் அதைக் கேட்க வாய் வரவில்லை. அப்படித் தோன்றினாலோ, இல்லாத குரல் காதில் கேட்டாலோ, நாள் கணக்கில் தூக்கமே வேண்டாம் என்று இருந்தாலோ காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

முதலில் பார்த்த ஒரு டாக்டர், பெயர் வேண்டாம், "பாலை நிறுத்திடுங்க, அப்புறம் மாத்திரை தரேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பாலை நிறுத்துவது ஏதோ குழாயை மூடுவது மாதிரி! அத்தைக்கும் அதே எண்ணம்தான், ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து: "பாலுல மருந்து இறங்கும்மா, கொழந்தைக்கு ஆகாது. மாத்திரையெல்லாம் வேணாம்." இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் பாலா, மாத்திரையா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியே தப்பு. எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அதில்தான்.

வேலூரில் இரண்டாவதாகப் பார்த்த மனநல டாக்டர் முதலில் ஒரு தாள் கொடுத்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற எடின்பரோ கேள்வித்தாள், 1987-ல் வந்தது, பத்தே கேள்வி, மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றி. மொத்தம் குறைவாக வந்தாலும் அந்த ஒன்றைத் தனியாகப் பார்ப்பார்களாம். பிறகு தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் டெஸ்ட் எழுதினார். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறும் இதே மாதிரிதான் ஆளைப் போட்டு அமுக்கும். முன்பு எப்போதாவது தூங்காமலே தலைகால் புரியாத உற்சாகத்தில் இருந்ததுண்டா என்றும் கேட்டார். இருமுனைக் கோளாறு (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) இருப்பவருக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் எதிராகத் திரும்பலாம் என்பதால்.

அப்புறம்தான் பால் கணக்கு. பாலில் மருந்து போகும், எவ்வளவு என்பதுதான் விஷயம். தாய் தன் எடையில் கிலோவுக்கு எவ்வளவு சாப்பிடுகிறாள், குழந்தைக்குக் கிலோவுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று ஒப்பிடுகிறார்கள். பொதுவாக 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்பது வழக்கமான அளவு. செர்ட்ராலினுக்கு அது பெரும்பாலும் 3 சதவீதத்துக்கும் குறைவு. வீட்டுக்கு வந்து கால்குலேட்டரை எடுத்தேன். நான் 60 கிலோ, குழந்தை 5 கிலோ. மூன்று என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்குக் குழந்தைக்குப் போவது 0.125 மில்லிகிராம். மாத்திரையை நானூறு துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. அத்தையிடம் தாளைக் காட்டினேன். "நானூறா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எல்லா மாத்திரைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மனச்சோர்வுக்கே கொடுக்கிற ஃப்ளூவாக்ஸடின் உடம்பில் நெடுநாள் தங்கும், கைக்குழந்தையிடம் சேர்ந்துகொண்டே போகலாம் என்பதால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதை முதலில் எடுப்பதில்லை. டாக்ஸெபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். குறைமாதக் குழந்தை என்றால் குழந்தை டாக்டரையும் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். எங்களைப் பார்க்கச் சொன்னது: அளவுக்கு மீறித் தூங்குகிறதா, சரியாகச் சப்புகிறதா, சிணுங்கல் கூடியதா, எடை ஏறுகிறதா. தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடை போட்டோம். ஏறிக்கொண்டுதான் இருந்தது.

இனி குறைகள். முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, காரணமில்லாத கொட்டாவி. ஆம்பூர்க்காரிக்குப் பிரியாணி வாசனை குமட்டியது என்றால் புரிந்துகொள்ளுங்கள். இதைவிடப் பெரிய குறை, மெதுவாக வேலை செய்வது. குமட்டல் முதல் நாளே வந்துவிடும், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் பலபேர் விட்டுவிடுகிறார்களாம். டாக்டர் சீட்டிலேயே எழுதிய இன்னொரு வரி அப்போது கைகொடுத்தது: இரவில் ஒரு தடவை, பிழிந்து வைத்த பாலை அப்பா கொடுக்கட்டும், அம்மா தொடர்ந்து தூங்கட்டும். என் கணவர் முதல் நாள் ராத்திரி குழந்தையைவிட அதிகமாக முழித்தார்.

பலன் சந்தோஷமாக வரவில்லை. ஒரு நாள் குழம்பில் உப்பு கம்மி என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா முகத்தில் அவ்வளவு நிம்மதி.

செலவு, மாத டயப்பரைவிடக் குறைவு. மாத்திரை மட்டும் போதாது என்று கவுன்சலிங்கும் போனேன். லேசான மனச்சோர்வுக்குச் சிலருக்கு அதுவே போதுமாம். அட்மிஷன் தேவைப்பட்டால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்தால்: 2017 மனநலச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையத்தில் குடும்பத்தார் கூடவே தங்குவது பல காலமாக உள்ள வழக்கம்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது அந்த முதல் வாரத்துக்காக. நன்றாக ஆனபிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் உடம்பில் ஷாக் அடிப்பது போலவும் வரலாம். அதனால் பொங்கல், தீபாவளி லீவுக்கு முன்னாடியே அடுத்த அட்டையை வாங்கி வைத்துவிடுங்கள். எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் ஊருக்குப் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.