கமலைத் தோல்வால்: தையல் அருமை, ஆணிதான் கோளாறு

கமலை என்பது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் பழைய முறை. அதில் தண்ணீர் மொள்ளும் பாத்திரமான சாலின் அடியில் கட்டும் தோல்குழாய்தான் தோல்வால் (தும்பி என்றும் சொல்வார்கள்); சால் மேலே வந்ததும் தண்ணீர் இதன் வழியாகத்தான் கொட்டும். இதை அளவு சொன்னால் புதிதாகத் தைத்துத் தருகிறது இந்தக் கடை. பழைய இறவைக் கருவிகளைப் பதிவு செய்து, கிணற்றில் ஓட்டியும் காட்ட நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. வந்த வாலின் நீளம் 5 அடி.

தோல் நல்ல தேர்வு. எருமையின் முதுகுத் தோல். வயிற்றுத் தோலாக இருந்தால் தண்ணீர்ப் பாரத்தில் இழுபட்டுத் தொளதொளத்துவிடும். வெட்டு முனை முழுக்கப் பழுப்பாக இருப்பதால் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்டது எனலாம். குரோம் உப்பில் பதனிட்ட தோல் என்றால் நடுவில் நீலம் தெரியும். தையல் நூலில் இல்லை, தோல்வாரில். ஒரு ராத்திரி ஊறவைத்ததும் தோல் உப்பி ஊசித் துளைகளை அடைத்துக்கொண்டது. முதல் சில இறைப்பில் கசிந்தது, பிறகு நின்றுவிட்டது.

குறை வாய்ப்பகுதியில் இருக்கிறது. சால் விளிம்போடு சேரும் மடிப்பில் இரும்பு ஆணி அடித்திருக்கிறார்கள். பட்டையில் பதனிட்ட தோலில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால், ஆணியைச் சுற்றி மை கொட்டினாற்போல் கறுத்து, தோல் அங்கேயே நொறுங்கும். செம்பு ஆணி கேளுங்கள். இல்லையென்றால் தோல்வாரால் கட்டித் தரச் சொல்லுங்கள். எத்தனை நல்ல தோலும் இந்த ஒரு தவறில் வீணாகும்.

கட்டும்போது வால்கயிற்றின் (வால் நுனியில் கட்டும் சிறு கயிறு) நீளம்தான் உயிர். சால் மேலேறும் வரை வாலின் நுனி மடங்கி, சாலின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கவேண்டும். கயிறு நீண்டால் நுனி தாழ்ந்து பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். குட்டையானால் வால் விறைத்து, சாலோடு சேரும் தையல் பிய்யும். வடத்தில் (சால் கட்டிய பெருங்கயிறு) 150 லிட்டர் சால் தொங்கும்போது மாடு இழுக்கும் இழுப்பை ஒரு தையல் எப்படித் தாங்கும்?

ஒவ்வொரு இறைப்பிலும் வால் ஒரே இடத்தில் மடங்குவதால் முதலில் வெடிப்பது அந்த மடிப்பு. இறைத்து முடித்ததும் நிழலில் நீளவாக்கில் தொங்கவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே புங்க எண்ணெய் தடவுங்கள். வெயிலில் போட்டால் பலகையாகிவிடும். சுருட்டி மூலையில் வைத்தால் எலி விடாது.

கடைக்காரர் எந்தத் தோல், எதில் பதனிட்டது, என்ன எண்ணெய் என்று ஒரு சீட்டு எழுதித் தந்தால் பதிவுக்குப் பேருதவியாக இருக்கும். இப்போது கேட்டால் வாயால் சொல்வதோடு சரி.

பழைய வால் கையில் இருந்தால் மாதிரிக்கென்று கடைக்கு அனுப்பவேண்டாம். அதை ஊறவைக்கவோ எண்ணெய் பூசவோ கூடாது. தாளில் வடிவத்தை வரைந்து, நீளம், இரு முனைச் சுற்றளவு, தையல் இடைவெளி, ஒட்டுப்போட்ட இடங்கள் எல்லாம் குறித்து அந்தத் தாளைக் கொடுத்தால் போதும். அளவு பிசகாமல் தைக்கிறார்கள்.