காரைக்குடில இருந்து மருது பாண்டியர் இடங்களுக்கு ஒரு நாள் கார் பயணம் – என்னோட ரிவியூ

எங்க வீட்டுக்காரர் பக்கம் பங்காளிகளெல்லாம் சேர்ந்து முன்னோருக்குப் படைப்பு வச்சிருந்தாங்க, அதுக்குத்தான் காரைக்குடி போனோம். முடிஞ்சும் ரெண்டு நாள் லீவு கையில இருந்துச்சு. எப்பவும் ஊருக்கு வந்தா ஆத்தங்குடி கல்லு, கானாடுகாத்தான் வீடுங்க, பிள்ளையார்பட்டி, கண்டாங்கி சேலை, இவ்வளவுதான் சுத்துவோம். இந்த தடவை பையன் கேட்டான், "மருது பாண்டியர் நம்ம ஊர் பக்கம்தானே, ஏன் ஒரு தடவகூட கூட்டிட்டுப் போகல"ன்னு. எனக்கு பதில் வரல.

ஆன்லைன்ல ஒரு டிராவல்ஸ்ல கேட்டேன். "செட்டிநாடு பேக்கேஜ்ல அது வராது மேடம், அங்க பாக்க ஒண்ணும் இல்ல"ன்னுட்டாங்க. பாக்க ஒண்ணும் இல்லையாம், மனசுக்கு ரொம்ப கஷ்டமாப் போச்சு. அப்புறம் மாமியார்தான் கோயில் விசேஷத்துக்கு வழக்கமா கூப்பிடற டிரைவர் அண்ணனுக்கு போன் போட்டாங்க. நாள் வாடகை 3,200 ரூபா, டீசல் அவரோடது, சாப்பாடு நம்மளோடது. இந்த ரிவியூ அவரைப் பத்தித்தான்.

மொதல்ல குன்றக்குடி. பெரிய மருதுக்கு முதுகுல ராஜபிளவைங்கற பெரிய கட்டி வந்து எந்த வைத்தியத்துக்கும் கேக்காம, குன்றக்குடி முருகன் திருநீறு பூசி ஆறுச்சுன்னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்ற கதைதான், அண்ணன் அதை மலைப்படி ஏறிக்கிட்டே சொன்னாரு. அங்கிருந்து திருப்பத்தூர்.

திருப்பத்தூர்ல எத்தனை தடவ பஸ் மாறியிருப்பேன், நின்னதே இல்ல. 1801 அக்டோபர் 24ல பெரிய மருது, சின்ன மருது ரெண்டு பேரையும் தூக்குல போட்டது இந்த ஊர்லதான். நினைவு மண்டபத்துல ரெண்டு பேருக்கும் சிலை இருக்கு. எங்க அப்பச்சி ஸ்டாம்பு ஆல்பத்துல 2004ல இதே அக்டோபர் 24 வெளிவந்த மருது சகோதரர்கள் ஸ்டாம்பு ஒண்ணு உண்டு, சின்ன வயசுல எவ்வளவோ தடவ பாத்திருக்கேன், அந்த தேதி எதுக்குன்னு எனக்கு இப்பத்தான் உறைச்சுது. அண்ணன் செருப்பை வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாரு, யாரும் சொல்லல, அதைப் பாத்து பசங்களும் கழட்டுனாங்க. பத்து நிமிஷம் அவரும் ஒண்ணும் பேசல, நாங்களும் பேசல.

அடுத்தது அரண்மனை சிறுவயல், கல்லல் பக்கம். ஊர் பேருலயே அரண்மனை இருக்கு பாருங்க, சின்ன மருது இருந்த ஊர். இங்கதான் அண்ணன் காரை புளியமரத்தடியில நிறுத்தி, தூசி படிஞ்ச பானெட்டு மேல விரலால மேப் போட்டாரு. இங்கிட்டு சிறுவயல், அங்கிட்டு காளையார்கோயில், நடுவுல முழுக்க காடு. பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை தப்பிச்சு வந்து சேர்ந்தது மருதுகிட்ட, அவரைப் பிடிச்சுக் குடுன்னு வெள்ளக்காரனோட கிழக்கிந்தியக் கம்பெனி கேட்டுச்சு, இவங்க குடுக்கல. 1801 ஜூன்ல ஜம்புத்தீவு பிரகடனம்னு திருச்சி கோட்டையிலயும் ஸ்ரீரங்கத்துலயும் ஒட்டி, எல்லா சாதிக்காரனும் சேர்ந்து வெள்ளக்காரனை விரட்டணும்னு கூப்பிட்டாங்க. ஜூலை கடைசியில கர்னல் அக்னியூ படையோட சிறுவயல் வந்தப்ப, அவன் கைக்குப் போகக் கூடாதுன்னு இவங்களே ஊருக்கு நெருப்பு வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு அண்ணன் சொன்னாரு. அதுக்கப்புறம் ஆகஸ்ட் முழுக்க காட்டை வெட்டி வெட்டி ரோடு போட்டுப் பாத்தும் கம்பெனி படையால காளையார்கோயில் போய்ச் சேர முடியல, திரும்பிப் போயிட்டாங்க. பெறகு சோழபுரத்துல படமாத்தூர் கௌரி வல்லபரை சிவகங்கைக்கு ஜமீன்தாரா உக்கார வச்சு சனத்தை ரெண்டா பிரிச்சாங்க, அதுக்கப்புறம்தான் அக்டோபர் 1ல காளையார்கோயில் விழுந்துச்சு. இதையெல்லாம் அண்ணன் பானெட்டுல கோடு இழுத்து இழுத்து சொல்லச் சொல்ல என் பையன் நகராம நின்னு கேட்டான்.

காளையார்கோயில்ல ராஜகோபுரம் தூரத்துலயே தெரிஞ்சிடும், பெரிய மருது கட்டுனது. மருது ரெண்டு பேர் தலையையும் அவங்க ஆசைப்படியே இங்க அடக்கம் பண்ணாங்கன்னு சொல்றாங்க, சமாதி கோயிலுக்கு எதிர்க்கவே இருக்கு. அதுக்கு இருபத்தொம்பது வருஷம் முன்னாடி, 1772ல, அங்கயேதான் சிவகங்கை ராஜா முத்துவடுகநாதரும் கம்பெனி படையோட சண்டை போட்டு இறந்திருக்காரு, வேலு நாச்சியார் வீட்டுக்காரர். ஒரே மண்ணுல ரெண்டு சண்டை.

சமாதி பக்கத்துல நிக்கும்போதுதான் அண்ணன் துரைச்சாமி கதையை சொன்னாரு. சின்ன மருது மகன், அப்ப பதினஞ்சு வயசு பையன். எழுபதுக்கு மேல ஆளுங்களோட அவனையும் 1802ல கப்பல்ல ஏத்தி பினாங்குக்கு நாடு கடத்திட்டாங்க. வெல்ஷ்னு ஒரு கம்பெனி அதிகாரி, சண்டைக்கு முன்னாடி சின்ன மருதுகிட்டயே ஈட்டியும், வளரிங்கற வளைஞ்ச ஆயுதமும் எறியக் கத்துக்கிட்டவர், 1818ல பினாங்கு போனப்ப ஒரு ஆள் வந்து நின்னிருக்காரு, வெல்ஷுக்கு அடையாளமே தெரியல, அந்த ஆளே "துரைச்சாமி"ன்னு பேரைச் சொன்ன பெறகுதான் தெரிஞ்சிருக்கு. முப்பது முப்பத்தொண்ணு வயசுதான், அதுக்குள்ள கிழவன் மாதிரி ஆயிட்டாராம்.

எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. எங்க ஐயாவும் பினாங்குக்குத்தான் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனாக, மூணு வருஷக் கணக்குக்கு. எங்க வீட்டுல பினாங்குன்னா தேக்குப் பெட்டி, பீங்கான் ஜாடி, தண்ணிமலைக் கோயில், தைப்பூசம் வெள்ளி ரதம். போயி சம்பாரிச்சுத் திரும்பி வர்ற ஊர். அதே கடலைத் தாண்டி, அதே பினாங்குக்கு, பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் நமக்கெல்லாம் முன்னாடியே விலங்கோட போயிருக்கான், இத்தனை வருஷத்துல எங்க வீட்டுல ஒருத்தர்கூட அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்ல.

குறையும் சொல்லிடறேன். காளையார்கோயிலுக்கு நாங்க போனப்ப மணி பன்னெண்டே முக்கால், நடை சாத்தியாச்சு, நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. அண்ணனுக்கு தெரிஞ்சிருக்கணும், காலையிலயே எங்களை அவசரப்படுத்தியிருக்கணும். சமாதி வெளிய இருக்கறதால அதைப் பாத்துட்டோம், கோயிலுக்காக மூணு மணி நேரம் காத்திருந்தோம், அதனால சிவகங்கை பக்கம் சூரக்குளத்துல 2014ல திறந்த வேலு நாச்சியார் நினைவு மண்டபத்துக்கு இருட்டுற நேரத்துலதான் போக முடிஞ்சுது, அவங்க படையில இருந்த குயிலியோட நினைவுச்சின்னமும் அங்கதான் இருக்கு, ரெண்டையும் சரியாவே பாக்கல. வண்டியில பின் சீட்டுக்கு ஏசி பத்தல. மத்தபடி ஓட்டறது ரொம்ப நிதானம், கடைக்கு கூட்டிட்டுப் போறேன், கமிஷன், அந்த மாதிரி பேச்சே கிடையாது. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.

போறவங்க காலைல ஆறரைக்குள்ள கிளம்பிடுங்க, குன்றக்குடியை சாயங்காலத்துக்கு தள்ளிட்டு மொதல்ல காளையார்கோயில் போயிடுங்க. அக்டோபர் 24 திருப்பத்தூர்ல அரசு விழா, 27 காளையார்கோயில்ல குருபூஜை, அந்த வாரம் வாடகை வண்டிக்கு போலீஸ் கெடுபிடி இருக்கும், முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க.