லினக்ஸ் ஹோம் என்கிரிப்ஷன்: போட ஒரு டிக், எடுக்க?

ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான் தருவேன், அந்த இரண்டும் பாதுகாப்புக்காக. உபுண்டுவிலும் லினக்ஸ் மின்டிலும் இன்ஸ்டால் செய்யும்போது ஒரே டிக்கில் ஹோம் ஃபோல்டரை (நம் சொந்தக் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) பூட்டித் தந்த ஈகிரிப்ட்எஃப்எஸ் (eCryptfs) அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது. லேப்டாப் திருடு போனால் எடுத்தவனுக்கு உள்ளே ஒன்றும் புரியாது, நமக்கோ லாகின் செய்தாலே திறந்துகொள்ளும். உபுண்டு 18.04 இன்ஸ்டாலரில் இந்த டிக்கையே எடுத்துவிட்டார்கள்.

டிஸ்க் சின்னதாக இருந்தால்தான் வம்பு. ஒவ்வொரு கோப்புக்கும் 8 கேபி தலைப்பகுதி தனியாகச் சேரும், அதனால் ஒரே ஒரு எழுத்து உள்ள கோப்பு கூட 12 கேபி பிடிக்கும், பிரவுசர் கேஷ் மாதிரி ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் இருந்தால் 32 ஜிபி, 64 ஜிபி டிஸ்க் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரும் 143 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது நேரடி அடி, யூனிகோடில் ஒரு குறிக்கு 3 பைட் ஆகிறது, ‘கி’ என்றாலே இரண்டு குறி.

சரி, எடுத்துவிடலாம் என்றால் அதற்கென்று ஒரு கருவி கிடையாது! இருக்கும் ஹோமை என்கிரிப்ட் செய்யக் கருவி உண்டு, அதுவும் ஹோமைப் போல 2.5 மடங்கு இடம் கேட்கும். அவிழ்க்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்து, பூட்டியதை அழித்து, திரும்ப வைக்க வேண்டியதுதான். எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தால் அதை லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4-இல் ஃபார்மட் செய்து அதில் போடுங்கள், ஃபேட்32 என்றால் பெர்மிஷன் எல்லாம் போய்விடும்.

அதுவும் இல்லாதவர்களுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கட்டளைதான் கதி. முதலில் கேஷை எல்லாம் காலி செய்யுங்கள், இழக்கவே கூடாதவற்றை மட்டும் ஒரு பென்டிரைவிலாவது போடுங்கள், பூட்டின் உண்மையான சாவியான 32 எழுத்து மவுன்ட் பாஸ்பிரேஸைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேறொரு அட்மின் யூசரை உருவாக்கி, உங்கள் பழைய யூசரில் கறுப்புத் திரை கன்சோலில் மட்டும் லாகின் செய்து (அப்போதுதான் ஹோம் திறந்திருக்கும்), அட்மின் பக்கத்திலிருந்து சூடோ (அட்மின் உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டு ‘ரிமூவ் சோர்ஸ் ஃபைல்ஸ்’ ஆப்ஷனோடு ஆர்சிங்கைப் புதிய ஃபோல்டருக்கு ஓட்டுங்கள். ஒவ்வொரு கோப்பும் போய்ச் சேர்ந்ததும் பழையது அழிந்துவிடும், எனவே இரண்டு மடங்கு இடம் தேவையில்லை. கோப்பை நகர்த்தும் எம்வி (mv) கட்டளையைப் போட்டால் இது நடக்காது, ஒரே டிஸ்க்தான் என்றாலும் லினக்ஸின் மையமான கர்னலுக்கு அது வேறு ஃபைல் சிஸ்டம், அதனால் கொடுத்த ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்த பிறகே அழிக்கத் தொடங்கும். நடுவில் கரண்ட் போனால் கோப்புகள் பாதி அங்கே பாதி இங்கே நிற்கும், பதறாமல் அதே கட்டளையைத் திரும்ப ஓட்டலாம்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் ‘ஈகிரிப்ட்எஃப்எஸ்’, ‘பிரைவேட்’ என்ற இரண்டு இணைப்புகள் இருக்கும், அவற்றை ஆர்சிங்க் நகலெடுக்காதபடி எக்ஸ்க்ளூட் செய்யுங்கள். அவையும் கூடவே போனால் அடுத்த லாகினில் பழைய பூட்டை மறுபடி மவுன்ட் செய்யப் பார்க்கும். எல்லாம் முடிந்து, லாக்அவுட் செய்து, புதிய ஃபோல்டருக்குப் பழைய ஹோமின் பெயரை வைத்து, புது ஹோமில் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஈகிரிப்ட்எஃப்எஸ் பேக்கேஜை நீக்குங்கள்.

ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) தனிக் கதை. ஹோமோடு சேர்த்து அதுவும் என்கிரிப்ட் ஆகியிருக்கும், விட்டுவைத்தாலும் கெடுதல் இல்லை, ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்கில் சேமித்து அணைப்பது) மட்டும் வேலை செய்யாது. அது வேண்டும் என்றால் கிரிப்ட்டேப், எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்புகள் இரண்டிலும் கை வைக்க வேண்டும்.