பெர்மிட்டா, திறந்த சந்தையா: டாக்சிக்கு ஒரு பதில், வீட்டுக்கு வேறு பதில்

என் மாமா கோலாலம்பூரில் இருபத்திரண்டு வருடம் டாக்சி ஓட்டினார். ஒருநாள்கூட அந்த டாக்சி அவருடையதாக இருந்ததில்லை. டாக்சி ஓட்ட அரசு தரும் பெர்மிட் ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தது, அதற்கு அவர் தினமும் 45 வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டும், காய்ச்சல் வந்து படுத்தாலும் தீபாவளி என்றாலும் கட்டியே ஆக வேண்டும். டேஷ்போர்டு பெட்டிக்குள் ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு கட்டு நோட்டு வைத்திருப்பார். முதல் கட்டில் 45 சேரும்வரை இரண்டாவது கட்டைத் தொட மாட்டார். முதல் கட்டு கம்பெனிக்கு, இரண்டாவது வீட்டுக்கு. காலை ஐந்துக்குச் செந்தூலிலிருந்து கிளம்பினால் வீட்டுக் கட்டு தொடங்கவே பத்து மணி ஆகிவிடும்.

காவல், நீதிமன்றம், ராணுவம், இதற்கு மேல் அரசு எதிலும் கை வைக்கக் கூடாது என்கிறார்களே லிபர்டேரியன்கள், அவர்களுடைய வாதம் எனக்கு முதலில் புரிந்தது மாமாவின் அந்த இரண்டு கட்டுகளைப் பார்த்துத்தான். பெர்மிட் என்பது பயணியைப் பாதுகாக்கத்தான் என்று சொல்லிக்கொண்டு வருகிறது, கடைசியில் அதைக் கையில் வைத்திருப்பவன் ஓட்டுபவனின் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அரசு அந்தக் காகிதத்தை எண்ணி எண்ணிக் கொடுத்ததால்தான் அதற்கு அந்த விலையே வந்தது.

அப்புறம் ஊபர், கிராப் மாதிரி கார் கூப்பிடும் செயலி வந்தது. 2017 ஜூலையில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதை முறைப்படுத்தியது. மாமா மகன் சொந்தக் காரிலேயே ஓட்டத் தொடங்கினான். மாமா என்னிடம் சொன்னார்: "என் காலத்துல இது இருந்திருந்தா நான் எப்பவோ வீடு வாங்கியிருப்பேன் மாப்ள." சந்தைக்கு ஒரு புள்ளி, சந்தேகமே இல்லை.

ஆனால் 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலை கிராபிடம் விற்றுவிட்டுப் போனது. இரண்டு பேர் அடித்துக்கொண்ட வரைக்கும் ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை, பயணிக்குத் தள்ளுபடி. ஒருவர் போனதும் இரண்டும் சுருங்கின என்பதை மச்சானின் மாதக் கணக்கிலேயே பார்த்தேன். இதற்கு லிபர்டேரியன்கள் சொல்லும் பதில், புதுப் போட்டியாளர் வருவார் என்பது. உண்மையிலேயே வந்தார்கள், ஏர்ஏசியா, இன்டிரைவ், மாக்சிம் எல்லாம். கார் ஏற்கெனவே வீட்டு வாசலில் நிற்கிறது, செயலியை மாற்றினால் போதும். எல்லாம் வைத்துப் பார்த்தால், பெர்மிட் காலத்தைவிட இது மேல் என்றுதான் நான் சொல்வேன். 2019 அக்டோபரிலிருந்து செயலி ஓட்டுநர்களுக்கும் பிஎஸ்வி லைசென்ஸ், அதாவது பயணிகளை ஏற்றி ஓட்டுவதற்கான உரிமம், கட்டாயமானதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அது காசு கொடுத்துப் படித்தால் யாருக்கும் கிடைக்கிறது, எண்ணி எண்ணிக் கொடுக்கும் காகிதம் இல்லை.

இதே வாதத்தைப் பினாங்குக்குக் கொண்டுபோனால் நிலைமை வேறு. அங்கேதான் எனக்கு மனசு கனக்கிறது.

பாட்டி பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடைவீட்டின் (கீழே கடை, மேலே வீடு) மாடியில் இருந்தார். 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரைச் சுலபத்தில் காலி செய்யச் சொல்லவும் முடியாது. மாதம் 28 வெள்ளி. அந்த 28 வெள்ளிக்கு எந்த வீட்டுக்காரர் கூரை மாற்றுவார்? மழை பெய்தால் மாடிப்படியில் மூன்று வாளி வைப்போம், நடுப்படியில் இருந்த வாளி நிறைவதுதான் எனக்குத் தூங்கப்போகும் நேரம். நகரம் முழுக்க அப்படிப் பழைய வீடுகள் மக்கிக்கொண்டிருந்தன. கட்டுப்பாடு வீட்டைக் கொல்லும் என்று லிபர்டேரியன் சொல்வதை நான் மறுக்கவே மாட்டேன், வாளி வைத்தவன் நான்.

1997இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவாகி, 1999 முடியும்வரை அவகாசம் கொடுத்தார்கள். 2000 ஜனவரியில் கதவு திறந்தது. பாட்டி வீட்டுக்குக் கேட்ட வாடகை 600 வெள்ளி. தெருவில் பாதிப் பேர் கிளம்பினார்கள், பூக்கட்டுகிறவர், தையல்காரர், பணம் மாற்றுபவரின் கணக்குப்பிள்ளை. பாட்டி பழைய நகரத்துக்கு வெளியே பாயா தெருபோங் அடுக்குமாடிக்குப் போனார். அம்மியைப் பதினோராவது மாடிக்கு எப்படித் தூக்குவது என்று அஞ்சடியிலேயே, கடைவீட்டு முன் நடைபாதையிலேயே, விட்டுவிட்டோம். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அம்மி அங்கேயேதான் இருந்தது, குழவியை மட்டும் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

இங்கே வித்தியாசம் என்ன? வாடகை ஏறினால் புது வீடுகள் வரும், போட்டி வந்து விலை இறங்கும் என்பது கணக்கு. 2023 டிசம்பரில் அர்ஜென்டினாவில் அதிபர் மிலெய் வாடகைச் சட்டத்தை நீக்கியதும் புவெனஸ் ஐரஸில் வாடகைக்கு வரும் வீடுகள் கூடின, அது உண்மை. அங்கே பூட்டிக் கிடந்த வீடுகள் இருந்தன, சாவியைத் திருப்பினால் போதும். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டை இன்னொன்று செய்ய முடியாது, தெருவும் நீளாது. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு அந்த வீடுகளின் மதிப்பு இன்னும் ஏறியது. காரைச் சீக்கிரம் பெருக்கலாம், நிலத்தை முடியாது. என் முழு வாதமும் இதுதான்.

லிபர்டேரியன்கள் ஹாங்காங்கைக் காட்டுவார்கள். 1961 முதல் 1971 வரை நிதிச் செயலாளராக இருந்த ஜான் கௌபர்த்வைட் வரியைக் குறைவாக வைத்தார், தொழிலில் தலையிட மறுத்தார், ஊர் வளர்ந்தது. சரி. ஆனால் அதே ஊரில் நிலம் கிட்டத்தட்ட முழுவதும் அரசுடையது, குத்தகைக்குத்தான் தருவார்கள். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் நடுத்தெருவுக்கு வந்த பிறகு அரசே வீடு கட்டத் தொடங்கியது, இன்றும் மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீடுகளில்தான். வியாபாரத்தில் திறந்த சந்தை, நிலத்தில் அரசு.

பினாங்கும் அப்படித்தான் எழுந்தது. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற அந்தஸ்து 1969இல் போனது, வேலையில்லாமல் ஊர் தவித்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்து இன்டெல் மாதிரி கம்பெனிகள் கடை திறந்தன. வரியில்லை என்பது சந்தைக்காரர் கேட்பது. அந்த நிலத்தைத் தயார்செய்து கொடுத்தது மாநில அரசின் மேம்பாட்டுக் கழகம்.

மலைச்சரிவில் கட்டுவதற்கு அரசுக் கட்டுப்பாடு வேண்டுமா என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 21இல் பினாங்கின் தஞ்சோங் பூங்கா (Tanjung Bungah) வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கட்டும் என்ற லிபர்டேரியன் தீர்வு, மண்ணுக்கடியில் கிடப்பவருக்கு எதற்கு?

இன்று யாராவது பினாங்கில் மறுபடி வாடகைக் கட்டுப்பாடு கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அந்த வாளிகள் போதும். வாடகை ஏறட்டும். ஆனால் ஏறுவதற்கு முன்பே, நகருக்குள் இருக்கும் அரசு நிலத்தில், லிப்ட் ஓடுகிற வாடகை வீடுகள் தயாராக நிற்க வேண்டும், பாட்டி மாதிரி ஒருவர் காலையில் பசியாறிவிட்டுப் பழைய தெருவுக்கு நடந்தே போய்ப் பூ வாங்கிவரும் தூரத்தில்.