மூன்று சக்கரம் மாட்டினார்கள், இரண்டுதான் வேலை செய்தது

போடிமெட்டு ஏறுகிற ஆசையில் ரோடு பைக் சைக்கிளுக்கு ட்ரிபிள் கிராங்க், அதாவது மிதிகட்டையோடு சுற்றும் பல் சக்கரம் மூன்று உள்ள கிராங்க், தேடிக்கொண்டிருக்கிறவர்கள் காசை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 9,400 ரூபாய் போனது, ஒரு சனிக்கிழமையும் போனது.

என்னுடையது பழைய ஒன்பது ஸ்பீடு சோரா, ஷிமானோ கம்பெனியின் கியர் செட். பல் கணக்கில் முன்னால் 50-34, பின்னால் 11-25. போடியிலிருந்து முந்தல் வரை பிரச்சினையே இல்லை. அதற்கப்புறம் பதினேழு கொண்டை ஊசி வளைவு. 47 வயது முழங்காலுக்கு 34-25 என்பது நின்று மிதித்தால்தான் நகரும் கியர். கூட வருகிற பையன்கள் "ட்ரிபிள் போடுங்கண்ணே, முப்பது பல்லில் உட்கார்ந்துகிட்டே போகலாம்" என்றார்கள். அது பொய்யில்லை. ரோடு ட்ரிபிள் என்றால் பொதுவாக 50-39-30, பழசில் 52-42-30 கூட உண்டு.

மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு ஊரில் கடை. கடைக்காரர் தேனிப் பக்கம்தான், நம்ம ஆள். அங்கேதான் ஏமாந்தேன். "ரோடு ட்ரிபிள், 50-39-30, மாட்டித் தர்றேன்ணே, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார். மாலை போனேன், மூன்று சக்கரமும் பளபளவென்று இருந்தன. கழற்றிய பழைய கிராங்கை 600 ரூபாய் கழித்துக்கொண்டு அவரே வைத்துக்கொண்டார். பில்லில் இருந்தது இவ்வளவுதான்: "சைக்கிள் வேலை - 1". நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை விடிகாலை கிளம்பினேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துத் தாண்டிக்கொண்டிருந்தன. எட்டாவது வளைவில் சின்ன சக்கரத்துக்கு இறக்கலாம் என்று முன் கியரை மாற்றும் இடது லீவரைத் தட்டினேன். செயின் நடுச் சக்கரத்தைவிட்டு அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். இறங்கிக் குனிந்து பார்த்தபோது புரிந்தது: சின்ன சக்கரத்தில் மசி படவே இல்லை. ஒரு பல்லில்கூட இல்லை. கடையில் யாரும் அதில் செயினை ஏற்றிக்கூடப் பார்க்கவில்லை. செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் தள்ளுகிற முன் டிரெய்லியர் எதுவரை நகரலாம் என்று தடுக்கும் லிமிட் ஸ்க்ரூவை நடுவோடு முடுக்கி, "இரண்டு சக்கரம் மாறுகிறது, போதும்" என்று விட்டிருக்கிறார்கள்.

எனக்கும் புத்தி இல்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து வயரைக் கொஞ்சம் தளர்த்தி, அந்த ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுத் திறந்தேன். ஏறி மூன்று மிதி மிதித்திருப்பேன், கடகடவென்று ஒரு சத்தம். செயின் சின்ன சக்கரத்தையும் தாண்டி உள்ளே விழுந்து, ஃப்ரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல் சிக்கிக்கொண்டது. விரல் நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்து அலுமினியம் வெளியே தெரிந்தது. மேலே போன ஒரு ஜீப் நிறுத்தியது. "என்னய்யா, இம்புட்டு மெலிசா ஒரு சைக்கிளு, இதை நாங்க ஏத்திக்கிட்டுப் போகணுமா?" என்று ஒரு அக்கா கேட்டது. ஏற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு போடிமெட்டு பார்த்தது ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டுதான்.

போன் போட்டால் கடைக்காரர், "ட்ரிபிள்னா அப்படித்தான்ணே இருக்கும், ஓட்ட ஓட்ட செட்டாயிரும்" என்றார்.

செட்டாகாது. அதை எனக்கு விளக்கியவர் பூப்பாறைப் பக்கம் தெரிந்த ஒரு மலையாளி மெக்கானிக். "சேட்டா, முதலில் பல்லை எண்ணுங்க" என்றார். எண்ணினேன். 48-38-28. ஹைப்ரிட் சைக்கிளில் வருகிற கிராங்க், ரிவெட் அடித்தது, சக்கரம் தேய்ந்தால் தனியாக மாற்றக்கூட முடியாது. ஸ்கேல் வைத்து செயின்லைனை, அதாவது ஃப்ரேமின் நடுவிலிருந்து நடுச் சக்கரம் வரை உள்ள தூரத்தை, அளந்தார். ரோடு ட்ரிபிளுக்கு 45 மில்லிமீட்டர் வரவேண்டிய இடத்தில் 50 காட்டியது. அதனால்தான் பெரிய சக்கரத்துக்கு ஏற்றும்போதெல்லாம் டிரெய்லியர் எட்டமுடியாமல் உரசியிருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், என் இடது லீவரே இரண்டு சக்கரத்துக்கானது. கிராங்கில் மூன்றாவது சக்கரத்தை வைத்துவிட்டால் லீவருக்குள் மூன்றாவது நிலை முளைத்துவிடாது. ஷிமானோ பழைய வரிசைகளில் இதை மாடல் எண்ணிலேயே கண்டுபிடிக்கலாம்: 105 என்ற வரிசையில் 5700 இரட்டை, 5703 ட்ரிபிள், சோராவில் 3500, 3503. கிராங்க், முன் டிரெய்லியர், இடது லீவர் மூன்றிலும் கடைசியில் அந்த 3 இருக்கவேண்டும். 105-க்குப் பதினோரு ஸ்பீடு வந்த 2014-லிருந்து அந்த வரிசையில் ட்ரிபிளே கிடையாது. அதனால் "105 ட்ரிபிள், புது மாடல்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

பின் டிரெய்லியருக்கும் ஒரு கணக்கு உண்டு. முன்னால் பெரியதில் சின்னதைக் கழி, பின்னாலும் அப்படியே கழி, இரண்டையும் கூட்டு. என் பழைய அமைப்பில் 16-உம் 14-உம், 30. கடைக்காரர் மாட்டியதில் 20-உம் 14-உம், 34. தொங்குகிற கூண்டு குட்டையாக இருக்கும் டிரெய்லியரால் அவ்வளவு செயினை இழுத்துப் பிடிக்க முடியாது, ட்ரிபிளுக்கு நீளக் கூண்டு வேண்டும். "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்ற பேச்சே தப்பு.

அப்புறம் அந்த மெக்கானிக் ஒன்று சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல். 34-ஐ 25-ஆல் வகுத்தால் 1.36; இந்த எண் குறையக் குறைய மிதிப்பது லேசு. நான் ஆசைப்பட்ட 30-25, 1.20. கிராங்கைத் தொடாமல் பின்னால் மட்டும் 11-32 கேசட்டும் (பின் பல் சக்கர அடுக்கு) அதற்கேற்ற நீளக் கூண்டு டிரெய்லியரும் போட்டிருந்தால் 34-32, அதாவது 1.06. ட்ரிபிளைவிட லேசு! செலவும் நான் கொடுத்ததில் பாதிகூட வராதாம். பையன்கள் சொன்ன முப்பது பல் எனக்குத் தேவையே இருந்திருக்கவில்லை. இறக்கத்தில் 52 பல்லும் வேண்டும், கியருக்குக் கியர் இடைவெளி குறைவாகவும் வேண்டும் என்கிறவர்களுக்கு ட்ரிபிள் நல்ல சாமான்தான், முழு செட்டாக வாங்கினால்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேரளாவில் வாங்கியிருந்தாலும் நான் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், எல்லை தாண்டி அலையவேண்டியதில்லை. ஆனால் என் கையில் இருக்கிற பில்லைக் காட்டி எதை நிரூபிப்பது? 50-39-30 என்று அதில் எங்கேயாவது இருக்கிறதா?

கேசட் போடவேண்டுமென்றால் பழைய கிராங்க் வேண்டுமே. திரும்பக் கேட்கலாம் என்று அந்தக் கடைக்கே போனேன். கண்ணாடி அலமாரியில் தொங்கியது. கிராங்கின் வலது கையில் நான் கல்லில் இடித்த கீறல் அப்படியே. 3,500 ரூபாய் சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு மணி நேரம் பேசி 2,800-க்கு வாங்கினேன். பில்லில் "50-34" என்று பல்லின் எண்ணிக்கையை எழுதச் சொன்னேன். முனகிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.