தரையோடு பொருத்திய மேசையா, நகரும் மேசையா?

பழைய ஆய்வக மேசைகளின் நடுவே வேதிப்பொருள் புட்டி அலமாரி நிற்கும். எதிரில் இருப்பவர் முகமே தெரியாது. மாணவர்கள் குழுவாகக் கற்க வேண்டுமானால் முதலில் அது போக வேண்டும். அதன் பிறகுதான் மேசையைத் தரையோடு பொருத்துவதா, சக்கரம் வைப்பதா என்ற கேள்வி.

இயற்பியலுக்கு நகரும் மேசைதான் என் தேர்வு. அங்கே தேவை பெரும்பாலும் மின்சாரமும் கணினியும்தான். மின் இணைப்பைக் கூரையிலிருந்து இறக்கினால் தரையில் வயர் காலை இடறாது. இன்று மூவர் குழு, நாளை ஆறு பேர் என்று மாற்றிக்கொள்ளலாம். குழுவுக்கு மூவர் என்பது நல்ல கணக்கு: ஒருவர் கருவியைக் கையாள, ஒருவர் அளவை வாசிக்க, ஒருவர் எழுத. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இயற்பியலைக் குழுவாகக் கற்கும் 'டீல்' (TEAL) வகுப்பறையிலும் வட்ட மேசைக்கு 9 பேர், மூவர் மூவராகத்தான்.

வேதியியலில் கதை வேறு. பியூரெட்டில் (அளவுக் கோடுகள் உள்ள கண்ணாடிக் குழாய்) கண்மட்டம் வைத்து அளவு பார்க்கும்போது மேசை லேசாக ஆடினாலும் போச்சு. கொதிக்கும் திரவம் இருந்தால் ஆபத்தும்கூட. எரிவாயுவைக் கூரைவழி கொண்டுவரலாம். கழிவுநீர் கீழ்நோக்கித்தானே ஓடும்? எனவே பொருத்திய மேசைதான், ஆனால் நீள்வரிசை வேண்டாம். நாலாபுறமும் நிற்கக்கூடிய தனித்தனித் தீவுகளாக, தொட்டி ஓர் ஓரத்தில் இருக்கட்டும்.

செலவில் ஒரு விஷயம். பொருத்திய மேசையைப் பின்னால் மாற்றத் தரையை உடைக்க வேண்டும். நகரும் மேசையில் சக்கரப் பூட்டுகள் தேயும். அவற்றைச் சரிபார்க்க ஆள் இல்லாத துறை அதை வாங்கவே வேண்டாம்.