அப்பாவின் பதக்கங்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி: பிரிக்பீல்ட்ஸ் படக்கடை அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், சாமிப் படங்களுக்கும் திருமணப் படங்களுக்கும் சட்டம் போட்டுக் கொடுக்கும் பழைய கடை இருக்கிறது. மறைந்த என் அப்பாவின் பதக்கங்களை அங்கே கொடுத்துக் கண்ணாடிப் பெட்டி செய்து வாங்கினேன். அலமாரிக்குள் பிஸ்கட் டின்னில் பதக்கங்களைப் போட்டு வைத்திருக்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருப்பதால், அந்தக் கடை எதை நன்றாகச் செய்தது, எதில் சறுக்கியது என்பதை எழுதுகிறேன். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் கடையின் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

முதல் நாள் கடைக்காரர் அளவுகோலை எடுக்கவே இல்லை. நாற்காலி ஒன்றைப் போட்டு உட்காரச் சொல்லி, அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். ஆகாயப் படையில் ஹெலிகாப்டரில் இருந்தார் என்றதும், எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்: "பைலட்டா?" இல்லை, அப்பா ஏர் குவார்ட்டர் மாஸ்டர். அரச மலேசிய ஆகாயப் படை 1960களின் பிற்பகுதியில் வாங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் பயன்படுத்திய சிகோர்ஸ்கி எஸ்-61 ரக நூரி ஹெலிகாப்டர்களில், முன்னால் இரண்டு விமானிகள் உட்கார்ந்திருக்க, பின்னால் பக்கவாட்டுக் கதவருகே இடுப்பில் பாதுகாப்பு வாரைக் கட்டிக்கொண்டு நிற்கும் மூன்றாவது ஆள். எடையைப் பங்கிட்டு ஏற்றுவது, ஆட்களை உட்கார வைப்பது, ஆட்களைத் தூக்கும் வின்ச் எந்திரத்தின் கம்பியை இறக்கி ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. காட்டுக்குள் வீரர்கள் மரங்களை வெட்டி உருவாக்கிய சிறு வெட்டவெளியில் 62 அடி விட்டத்துக்குச் சுழலும் ஐந்து இறக்கைகளோடு இறங்கும்போது, விமானியால் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது. கதவுக்கு வெளியே தலையை நீட்டி, வால் விசிறிக்கும் மரக்கிளைக்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்று ஒலிவாங்கியில் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவரின் கண்ணை நம்பித்தான் விமானி இறக்குவார்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்த அரைமணி நேரமும் அவர் கைபேசியைத் தொடவில்லை. வின்ச் கொக்கி முதலில் தரையைத் தொட வேண்டும், அதற்கு முன் கீழே நிற்பவர் அதைக் கையால் பிடித்தால் ஹெலிகாப்டரின் உடலில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் அவரைத் தாக்கும் என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னபோது மட்டும், "அப்படியா!" என்று நிமிர்ந்து பார்த்தார்.

வேலைத்திறனுக்கு வருகிறேன். பதக்கங்கள் பளபளவென்று இருக்க வேண்டும் என்று பிராசோ என்ற உலோக மெருகுத் திரவம் போட்டுத் துடைத்துக் கொண்டுபோயிருந்தேன். இனிமேல் அதைச் செய்யாதீர்கள், தேய்க்கத் தேய்க்க எழுத்தும் முத்திரையும் மழுங்கிவிடும் என்று கடைக்காரர் கண்டித்தார். நாடாக்களைப் பசையால் ஒட்டாமல், துணி போர்த்திய அட்டையில் நூலால் தைத்தார். நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை மஞ்சளாகிக் கறைபடும் என்பது அவர் சொன்ன காரணம். அட்டை அமிலம் இல்லாதது. பதக்கம் கண்ணாடியில் படாதபடி பெட்டிக்கு இரண்டு அங்குல ஆழம். பின்பக்கம் ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலம், அதை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளத் திருகு போட்ட மூடி. இவ்வளவு நுணுக்கத்தைச் சாமிப் படக் கடையில் நான் எதிர்பார்க்கவில்லை.

பதக்கங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதில் அவருக்குப் பழக்கம் போதவில்லை. பெரியதை நடுவில் வைத்துச் சிறியவற்றை இருபுறமும் அடுக்கினால் அழகாக இருக்கும் என்றார். மார்பில் அணியும்போது உயர்ந்த விருது சட்டையின் நடுப்பக்கமாக, அதாவது பார்ப்பவருக்கு இடக்கோடியில் வரும். அந்த முறையே பெட்டியிலும் இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கிடைத்தவற்றில் உயர்ந்தது பிங்காட் பங்குவான் நெகாரா. அது இடக்கோடியில், மற்றவை மதிப்பு வரிசைப்படி வலப்பக்கமாக. சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றினார். வரிசையைக் காட்ட, பதக்கங்கள் அணிந்த பழைய சீருடைப் படம் ஒன்று இருந்தால் உடன் கொண்டுபோவது நல்லது.

கடைக்காரரின் சிறந்த யோசனை பறப்புப் பதிவேட்டைப் பற்றியது. அதில் ஒரு பக்கத்தைத் திறந்து, பதக்கங்களுக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது என் ஆசை. எந்தப் பக்கம் என்றார். இரண்டாம் அவசரகாலம் என்று சொல்லப்படும், 1968இல் தொடங்கி 1989ஆம் ஆண்டு ஹாட்யாய் அமைதி ஒப்பந்தத்தோடு முடிந்த கம்யூனிஸ்டு எதிர்ப்புப் போரின்போது, காயமடைந்தவர்களைக் காட்டிலிருந்து வின்ச்சில் ஏற்றிவந்த ஒரு நாளை அப்பா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டில் இரண்டு மணி நேரம் ஓடும் கதை அது. பதிவேட்டில் அதற்கு ஒரே ஒரு வரி: தேதி, ஹெலிகாப்டர் எண், பறந்த நேரம். கடைக்காரர் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். பிறகு, வெளிச்சம் பட்டால் மை வெளுத்துவிடும் என்று சொல்லி, பக்கத்தின் நகலை மட்டும் கண்ணாடிக்குள் வைத்து, மூலப் பதிவேட்டுக்குப் பெட்டியின் முதுகில் ஓர் உறை அமைத்துக் கொடுத்தார்.

நூரியின் வண்ணப்படம் ஒன்றைப் பின்னணியாக அச்சடித்துப் போடலாம் என்று அவர் மகன் சொன்னதை நான் ஏற்கவில்லை. 2007 ஜூலையில் கெந்திங் செம்பா அருகே ஒரு நூரி விழுந்து ஆறு பேர் இறந்தபோது, அது பறக்கும் சவப்பெட்டி என்ற பேச்சு எழுந்தது. அப்பா அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இயந்திரத்தின் மேல் அவருக்கு இருந்த பற்றையும் துயரத்தையும் ஒரு பின்னணிப் படத்தில் அடக்க எனக்கு விருப்பமில்லை. கதவோரம் வாரைக் கட்டிக்கொண்டு அவர் சிரிக்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் படமே போதும் என்றேன்.

இனி குறை. பத்து நாள் என்றார்கள், மூன்று வாரமானது. இரண்டு முறை நானே அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்டியை வாங்கப் போன அன்று, கீழே பதித்திருந்த பித்தளைத் தகட்டில் அப்பாவின் பெயருக்குக் கீழ் 'ஹெலிகாப்டர் விமானி' என்று பொறித்திருந்தது. தகட்டை வெளியே வேறொரு கடையில் கொடுத்துச் செய்தார்களாம். அங்கே யாரோ தாமாகவே 'திருத்தி'விட்டார்கள். வாழ்நாள் முழுதும் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் அப்பா பொறுமையாக மறுத்துவந்த அதே தவறு. கடைக்காரர் வாதிடாமல் மன்னிப்புக் கேட்டு, கட்டணமில்லாமல் நான்கு நாளில் புதுத் தகடு போட்டுக் கொடுத்தார். நீங்கள் போனால், பொறிக்க வேண்டிய சொற்களைத் தெளிவாக எழுதிக் கொடுத்து, அச்சுக்கு முன் மாதிரியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மொத்தம் 420 ரிங்கிட். சாதாரணக் கண்ணாடிதான், மாலையில் எதிர்ச் சுவர் விளக்கு அதில் பளிச்சென்று தெரிகிறது. ஒளி பிரதிபலிக்காத கண்ணாடிக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதை முதலிலேயே அவர்கள் சொல்லியிருக்கலாம். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடுவதே சுலபம். தவறாக வந்த தகட்டைக் குப்பையில் போடவிருந்தேன். அம்மா வாங்கி, பதிவேட்டு உறைக்குள் செருகிவிட்டார்.